ஏற்காடு பங்களா பெட்டில ஜாங்கோ ரைன்ஹார்ட்டோட முதல் காலத்து ரெக்கார்டு இருக்க சான்ஸ் உண்டா?

ஹஸ்தம்பட்டி ஹரி

எல்லாருக்கும் வணக்கம். செவ்வாய்ப்பேட்டைல நான் வழக்கமா போற பழைய சாமான் கடைக்கு ஒரு தகரப்பெட்டி நெறைய 78 ரெக்கார்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய இசைத்தட்டு) வந்துருந்துச்சு, ஏற்காட்டுல ஏதோ எஸ்டேட் பங்களாவ காலி பண்ணப்ப எறங்குனதாம், கடைக்காரர் பேரம் கூட பேசாம எடைக்குப் போட்டுக் குடுத்துட்டாரு. பாதிக்கு மேல இங்கிலீஷ் டான்ஸ் பேண்டு, கொஞ்சம் சர்ச் பாட்டு, அடில ரெண்டு மூணு பிரெஞ்சு. அந்தப் பிரெஞ்சுல ஒண்ணுதான் இப்ப தலைவலி. குழாய் முன்னாடி நாய் உக்காந்துருக்கற லேபிள், மேல பிரெஞ்சுல கிராமோஃபோன்னு போட்டுருக்கு, வாசிக்கிறது அக்கார்டியன். ஆனா பின்னாடி ஒரு தந்தி வாத்தியம் விடாம கடகடன்னு ஓடிக்கிட்டே இருக்குது.

ஜாஸ் கிடார் மேதை ஜாங்கோ மொதமொதல்ல 1928-ல அக்கார்டியன்காரங்களுக்குப் பின்னாடி பாஞ்சோ வாசிச்சுத்தான் ரெக்கார்டுல வந்தாருன்னு படிச்சுருக்கேன். இந்த லேபிள்ல பக்கவாத்தியக்காரங்க பேரே இல்ல. இது அவரா இருக்குமா? எப்படித் தெரிஞ்சுக்கறது? நான் ஆர்கெஸ்ட்ரால கிடார் வாசிக்கிறவன், பழைய ரெக்கார்டு சமாச்சாரம் சுத்தமா தெரியாது.

குகை செல்வம்

தம்பி, அக்கார்டியன் பின்னாடி எவன் வாசிச்சாலும் ஜாங்கோன்னா பிரான்ஸ்ல ஆயிரக்கணக்குல ஜாங்கோ இருந்துருக்கணும். இருந்தாலும் போட்டோ போடு பாப்போம்.

ஊசிமுனை

ஹரி தம்பி, நான் ஏற்காட்டு மேல நாகலூர் பக்கம் இருக்கறவன், ரிட்டயர் ஆனப்பறம் இந்தப் பைத்தியம்தான் முழுநேர வேலை. செல்வம் கிண்டல் பண்றாரு, ஆனா கேள்வி நல்ல கேள்வி. மொதல்ல தெரிஞ்சத வரிசையா வெச்சுக்கலாம், அப்பறம் உங்க தட்டுக்கு வரேன்.

ஜாங்கோ பொறந்தது 1910 ஜனவரி 23, பெல்ஜியத்துல லிபெர்ஷிங்கற ஊர். ஜிப்சி வண்டில வளந்தவரு. பன்னெண்டு வயசு வாக்குல கைக்கு வந்தது பாஞ்சோ-கிடார், அதாவது ஒடம்பு பாஞ்சோ மாதிரி தோல் போத்தினது, கழுத்து மட்டும் கிடார் மாதிரி ஆறு தந்தி, சுருதியும் கிடார் சுருதிதான். இது முக்கியம், பின்னாடி தேவைப்படும், மனசுல வெச்சுக்கோங்க. அத வெச்சுக்கிட்டு பாரிஸ்ல சாதா ஜனங்க ஆடற டான்ஸ் ஹால்ல, பால் ம்யூஸெத்னு சொல்லுவாங்க, அக்கார்டியன்காரங்களுக்குப் பின்னாடி வாசிச்சாரு. 1928 ஜூன்ல ஜான் வெஸாத்ங்கற அக்கார்டியன்காரரோட ஐடியால்ங்கற சின்ன கம்பெனிக்கு ரெக்கார்டு. அதான் மொதல் ரெக்கார்டு. பதினெட்டு வயசு. லேபிள்ல பேரு என்னன்னு போட்டாங்க தெரியுமா, 'ஜியாங்கோ ரெனார்'. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, லேபிள்ல என்ன அடிச்சுருக்கான்னு யாரும் அவருகிட்டக் காட்டிக் கேக்கவும் இல்ல. அதே வருஷம் விக்டர் மார்ஸோ, அலெக்ஸாண்டர்னு இன்னும் ரெண்டு அக்கார்டியன்காரங்களோடவும் வாசிச்சுருக்காரு. அந்த வருஷத்துப் பாட்டு லிஸ்ட்ல ஒண்ணுக்குத் தலைப்பே 'இந்துஸ்தான் தேசத்துல'ங்கற அர்த்தத்துல இருக்கு, நம்ம ஊருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அந்தக் காலத்துல அங்க அப்படியொரு ஃபேஷன், அவ்வளவுதான்.

அப்பறம் 1928 நவம்பர் 2 விடியக்காலைல வண்டில தீ. பொண்டாட்டி செல்லுலாய்டுல பூ செஞ்சு வித்துக்கிட்டிருந்துச்சு, வண்டி முழுக்க அந்தப் பூதான், மெழுகுவர்த்தி சாஞ்சதும் பத்திக்கிச்சு. எடது கைல மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி முடங்கிப்போச்சு. ஒரு கால வெட்டி எடுத்துடணும்னு டாக்டருங்க சொன்னாங்க, அவரு ஒத்துக்கல. படுக்கைல இருந்து எழுந்து வர ஒன்றரை வருஷம் ஆச்சு. தம்பி ஜோஸஃப் கிடார் கொண்டாந்து குடுக்க, அதுக்கப்பறம் பாஞ்சோ கிடையாது, கிடார்தான்.

ஆக நீங்க தேடறது 1928 ஜூன்லேந்து நவம்பருக்குள்ள வாசிச்சது. ரொம்பச் சின்ன ஜன்னல். அதனாலதான் சேகரிக்கறவங்க அதுக்கு உசுரை விடறாங்க.

குகை செல்வம்

நல்லா இருக்கு சார். ஆனா ஒரு டவுட்டு. ஏற்காட்டுக்கு பிரெஞ்சு ரெக்கார்டு எப்படி வந்துச்சு? காப்பித் தோட்டம் வெச்சவன் எல்லாம் வெள்ளைக்காரன், இங்கிலீஷ்காரன்.

ஊசிமுனை

அது பெரிய ஆச்சரியம் இல்ல. மாண்ட்ஃபோர்ட் ஸ்கூல் 1917-ல ஆரம்பிச்சது, அத நடத்தற சபையே பிரான்ஸ்ல பொறந்தது. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் நடத்தற க்ளூனி சிஸ்டர்ஸும் பிரெஞ்சுக்காரங்க உண்டாக்கின சபைதான். சேலம் ஜில்லால பழைய சர்ச்சு நெறைய பாரிஸ் மிஷன் சாமியாருங்க கட்டுனது. பாண்டிச்சேரியும் தூரமில்ல. எந்த வழில வேணா வந்துருக்கலாம். எந்த பங்களான்னு நானும் கேக்கல, ஹரியும் சொல்ல வேண்டாம், நாளைக்கே நாலு பேர் அந்தக் கேட்டுல போயி நிப்பான்.

மேட்டூர் கம்பி

ஹரி, நானும் கிடார்தான், ஜிப்சி ஜாஸ் வாசிக்க முயற்சி பண்றவன். உங்க தட்டு அவருதான்னு இருந்தா சந்தோஷம், இல்லாட்டியும் ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா இந்த 1928 சமாச்சாரத்தத் தப்பான காரணத்துக்காகத்தான் எல்லாரும் தேடறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு.

வாட்ஸப்ல ஒரு ஃபார்வேர்டு சுத்துது பாத்துருப்பீங்க, 'விரல் போனாலும் விடாமுயற்சி, ரெண்டே விரல்ல உலகத்தை ஜெயிச்சவர்'னு, கீழ சூரியோதயம் படம். அத நம்பிட்டு 1928 ரெக்கார்டக் கேட்டா, விபத்துக்கு முன்னாடி சாதாரணமா வாசிச்சாரு, விபத்துதான் மேதை ஆக்குச்சுன்னு ஒரு முடிவுக்கு வந்துருவீங்க. ஏன்னா அதுல சோலோவே கிடையாது. அக்கார்டியன் மெட்டு வாசிக்கும், இவரு பின்னாடி தாளக்கட்டு. எடது கையப் பத்தி அதுல ஒரு தீர்ப்பும் சொல்ல முடியாது.

ஆனா வலது கையக் கேளுங்க. அக்கார்டியன் மூச்சு விடற எடத்துல எல்லாம் சட்டுனு ஒரு உருட்டு, ஒரு ட்ரெமொலோ, ஒரு ஓட்டம் உள்ள வரும். சும்மா கார்டு (பல ஸ்வரத்த ஒண்ணா அடிக்கறது) தட்டறவன் கை இல்ல அது. மைக் ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லாத ஹால்ல, அக்கார்டியன் சத்தத்தயும் ஆடறவங்க செருப்புச் சத்தத்தயும் தாண்டிக் கேக்கணும்னா பிக்கை (தந்தி மீட்டற சின்னத் தகடு) தந்தி மேல எறக்கி அடுத்த தந்தில போய் நிக்கற மாதிரி அடிக்கணும், மணிக்கட்ட மடக்கி, ஒவ்வொரு புதுத் தந்திக்கும் மேலேந்து கீழ. இப்ப ஜிப்சி பிக்கிங்னு காசு குடுத்து கோர்ஸ் எடுக்கறாங்களே, அது அந்த டான்ஸ் ஹால்ல பொறந்த கை. 1934-ல எல்லாரும் வாயப் பொளந்து கேட்ட அந்த சத்தத்துக்குப் பாதி காரணம் தீயில படாத கை. அது ஆறு வருஷம் முன்னாடியே தட்டுல இருக்கு.

குகை செல்வம்

அப்ப விபத்து ஒண்ணுமே பண்ணலங்கறீங்களா? அப்படியும் சொல்ல முடியாதே.

மேட்டூர் கம்பி

சொல்லல. எடது கை மாறிடுச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆள்காட்டி விரலும் நடு விரலும் வெச்சு ஓட்டணும்னா ஒரே எடத்துல உக்காந்து ஸ்கேல் வாசிக்க முடியாது, கழுத்து நீளத்துக்கும் மேல கீழ ஓடணும். அதனாலதான் அவரு வாசிப்புல ஆர்பெஜ்ஜியோ (கார்டோட ஸ்வரத்த ஒண்ணொண்ணா வாசிக்கறது) அவ்வளவு, ஆக்டேவ் (ஒரே ஸ்வரத்த மேல் ஸ்தாயியோட சேத்து அடிக்கறது) அவ்வளவு. அந்த மடங்கிப்போன ரெண்டு விரலும் வேஸ்ட்டுன்னும் நெனைக்காதீங்க, மேல் தந்தில கார்டு புடிக்க அதையும் உபயோகிச்சுருக்காரு, போட்டோலயே தெரியும். ஃபார்வேர்டு எழுதறவனுக்கு அது தோதுப்படாது, ரெண்டு விரல்னாத்தான் கைதட்டு.

இன்னொண்ணு. விபத்துக்கு முன்னாடியே ஜாக் ஹில்டன்னு இங்கிலாந்துல பெரிய பேண்டு லீடர், அவரு பாரிஸுக்கு வந்து இவரு வாசிக்கறதக் கேட்டுட்டு வேலைக்குக் கூப்புட்டாரு. லண்டன் போறதுக்குள்ள தீ. சாதாரண ஆளா இருந்தா ஹில்டன் தேடி வருவாரா?

தியேட்டர் வாசல்

நடுவுல வரேன், மன்னிக்கணும். 1928-க்கும் 1934-க்கும் நடுவுல ஒண்ணுமே இல்லயா? திடீர்னு அவரோட அஞ்சு பேர் குழு, அந்தக் கிண்ட்டெட், வந்துருச்சா?

ஊசிமுனை

இருக்கு. 1931-ல தூலோன்ல லூயி வோலா பேண்டோட வாசிச்சு ரெக்கார்டு ஆயிருக்கு. அதே ஊர்லதான் எமில் சாவித்ரிங்கற ஓவியர் வீட்ல லூயி ஆம்ஸ்ட்ராங் ரெக்கார்டக் கேட்டுட்டு ஜாஸ் பக்கம் முழுசாத் திரும்புனது. சாவித்ரின்னதும் நம்ம ஊர் பேருன்னு நெனைக்காதீங்க, அவரு ஆம்பள, பின்னாடி போட்டோகிராஃபரா ரொம்பப் பேரு வாங்கினவரு. 1933, 34-ல ஜான் சாப்லோன்ங்கற பாடகருக்குப் பின்னாடி நெறைய வாசிச்சுருக்காரு. அதுலயும் பாடறவரு பேருதான் பெரிசு.

1934 செப்டம்பர்ல ஓடியன் கம்பெனிக்கு ஒரு டெஸ்ட் ரெக்கார்டு போட்டாங்க, ரெண்டு பாட்டு. ஓடியன்காரங்க இது எங்களுக்கு ரொம்ப நவீனமா இருக்குன்னு வேண்டாம்னுட்டாங்க. டிசம்பர்ல அல்ட்ராஃபோன் ஒத்துக்கிச்சு. 'டைனா', 'டைகர் ராக்', 'லேடி பி குட்', 'ஐ ஸா ஸ்டார்ஸ்'. ஜாங்கோ, வயலின்ல ஸ்டெஃபான் கிராப்பெல்லி, ரிதம் கிடார்ல ஜோஸஃபும் ரோஜர் ஷபூவும், பாஸ்ல லூயி வோலா. ட்ரம்ஸ் கெடையாது. முழுக்கத் தந்தி.

தியேட்டர் வாசல்

ஓடியனா!! எங்க பாட்டி வீட்ல இருந்த தமிழ் நாடக செட்டு எல்லாம் ஓடியன்தான் சார். மெட்ராஸ்ல சரஸ்வதி ஸ்டோர்ஸ்காரங்க, ஏவி.எம். மெய்யப்பன் ஆரம்பிச்சது, அவங்கதான் இங்க ஓடியனுக்கு ஏஜெண்டு. நாடகத்த முழுசா செட்டு செட்டா போட்டு வித்தாங்க. இங்க முருகன் வள்ளிக் கதைய வாங்கிக்கிட்ட அதே கம்பெனி அங்க ஜாங்கோவ வேண்டாம்னு சொல்லிருக்கு, எனக்கு இதுல ஒரு சின்ன சந்தோஷம்.

அம்மாபேட்டை அனு

இழை எங்கயோ போகுது, ஹரி தம்பி தட்டுக்கு வருவோம். நான் பழைய ஆடியோவ சுத்தம் பண்ணிக் குடுக்கற வேலை பாக்கறேன், அதனால வழி சொல்றேன். லேபிள்ல இருக்கற கேட்டலாக் நம்பர மட்டும் பாக்காதீங்க. லேபிளுக்கும் பாட்டு முடியற கோட்டுக்கும் நடுவுல காலி எடம் இருக்குல்ல, அதுல வெளிச்சத்தச் சாச்சுப் புடிச்சா பொடி எழுத்து தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் நம்பர், ரெக்கார்டு பண்ணின அன்னிக்குக் குடுக்கறது. கேட்டலாக் நம்பர் விக்கறதுக்கு, எப்ப வேணா மாத்துவாங்க, ரீ-இஷ்யூல மாறும். மேட்ரிக்ஸ் மாறாது. பின்னாடி ஒரு சின்ன எண் இருந்தா அது எத்தனாவது டேக்குன்னு அர்த்தம்.

நாய் லேபிள்னா இன்னொரு குறி இருக்கும். மேட்ரிக்ஸ் நம்பர் பக்கத்துல சின்ன முக்கோணமா, இல்ல சதுரமான்னு பாருங்க. முக்கோணம்னா வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறை, 1925-ல மைக் வெச்சு பதிவு பண்ண ஆரம்பிச்சப்ப வந்தது. சதுரம்னா பிளம்லைன் கண்டுபிடிச்ச முறை, அது 1931-க்கு அப்பறம். இந்த ஒரு குறிய வெச்சே பாதி சண்டை தீந்துரும்.

கூடவே மூணு மணி திசைல ஒரு எழுத்தோ ரெண்டு எழுத்தோ இருக்கும். அது ஸ்டாம்பர் (தட்ட அடிக்கற அச்சு) நம்பர், எண்ணா போடாம கம்பெனி பேரோட எழுத்துக்கள ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா வெச்சுப் போட்டுருப்பான். மொத எழுத்து இருந்தா மொத ஸ்டாம்பர்ல அடிச்ச தட்டு. அது நம்ம கேள்விக்குத் தேவையில்ல, ஆனா தெரிஞ்சா ஜாலியா இருக்கும்.

இன்னொரு விஷயம், 78-ன்னாலே பழசுன்னு நம்பாதீங்க. மத்த நாட்டுல எல்லாம் எல்.பி. வந்தப்பறமும் இந்தியாவுல 78 அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, 1960-கள்ல பீட்டில்ஸ் பாட்டே இங்க 78-ல வந்துருக்கு.

ஊசிமுனை

அனு சொன்னதோட ஒண்ணு. பாக்கறதுக்கு முன்னாடி தொடைக்கணும்னு தோணும், ஸ்பிரிட்டு கிட்டயே போயிடாதீங்க. 78 தட்டு அரக்கு. தச்சருங்க பாலிஷ் போடறதே அரக்க ஸ்பிரிட்ல கரைச்சுத்தானே, அதே கதி தட்டுக்கும் ஆகும். பச்சத்தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், மெல்லிசு துணி, காடி போற வாக்குலயே தொடைக்கணும், லேபிள் நனையக் கூடாது, ஒடனே ஒத்தி எடுத்துட்டு நிக்க வெச்சுக் காய வைங்க. ஏற்காட்டுல இருந்து வந்ததுன்னா பூஞ்சை கண்டிப்பா இருக்கும், இங்க மார்கழில செவுத்துலயே பூக்குது. அங்க சேலத்து வெயில்ல மொட்டை மாடில காய வெச்சீங்கன்னா அப்பளம் மாதிரி வளைஞ்சுரும்.

ஹஸ்தம்பட்டி ஹரி

அக்கா, சார், ரொம்ப நன்றி. பாத்துட்டேன். செல்ஃபோன் டார்ச்ச சாச்சுப் புடிச்சதும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. சதுரம்.

குகை செல்வம்

மேட்டர் முடிஞ்சுது. 1931-க்கு அப்பறம். ஜன்னல் மூடிட்டாங்க.

தியேட்டர் வாசல்

அப்படியே மூட முடியாதே செல்வம். 1931-க்கு அப்பறமும் அவரு யாருக்காவது பின்னாடி வாசிச்சுருக்கலாம்ல? சார்தான் சொன்னாரே, பாடகருக்கெல்லாம் வாசிச்சாருன்னு.

அம்மாபேட்டை அனு

சரியான கேள்வி. அதனால ஹரிகிட்ட ஆடியோ வாங்கிக் கேட்டேன். ஃபோன்ல புடிச்சதுதான், இருந்தாலும் போதும்.

மொதல்ல வேகம். 78-ன்னு பேரு இருக்கே தவிர எல்லாத் தட்டும் 78-ல ஓடாது. நம்ம ஊர் 50 சைக்கிள் கரண்ட்டுல ஸ்ட்ரோப் தட்டு (வேகம் பாக்கறதுக்குக் கோடு போட்ட தட்டு) வெச்சுப் பாத்தாலே 77.92-தான் வரும். ஆறு சதவீதம் வேகம் கூடினா அரை ஸ்வரம் ஏறிடும், அதாவது 78-ல ஓட வேண்டியத 83-கிட்ட ஓட்டினா ஒரு கட்டை வாசிப்பு ஒன்றரைக் கட்டைக்குப் போயிரும். பழைய சங்கீதத் தட்டு கேக்கறவங்களுக்கு இது புதுசில்ல, நாயனக்காரர் சுருதி என்னன்னு தெரிஞ்சா தட்டோட வேகத்தச் சொல்லிருவாங்க. இதுல அக்கார்டியன் இருக்கறது நமக்கு வசதி, அதுல சுருதிய ஃபேக்டரிலயே வெச்சுருவான், வாசிக்கறப்ப மாத்த முடியாது. அத வெச்சு வேகத்த சரி பண்ணினேன்.

அப்பறம் அந்தத் தந்தி வாத்தியம். அது பாஞ்சோதான், தோல் சத்தம் தெளிவா இருக்கு. ஆனா கீழ எறங்கவே மாட்டேங்குது. முழுப் பாட்டுலயும் நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழ இருக்கற சி-யத் தாண்டி ஒரு ஸ்வரம் கூடக் கீழ இல்ல. அது நாலு தந்தி டெனர் பாஞ்சோவோட அடி எல்லை. ஜாங்கோ வாசிச்சது ஆறு தந்தி, அது இன்னும் அஞ்சு ஸ்வரம் கீழ போகும், ஈ வரைக்கும். ஒரு பாட்டு முழுக்க அந்த ரெண்டு அடித் தந்தியத் தொடாம தாளக்கட்டு வாசிக்க மாட்டாங்க. அதுவும் தீக்கு அப்பறம் அவரு கிடாருக்கு மாறிட்டாரு. இது வேற யாரோ, நல்லா வாசிக்கற வேற யாரோ.

மேட்ரிக்ஸ் நம்பரையும் டிஸ்காகிராஃபில தேடிட்டேன், அவரு பேர்ல அது எங்கயும் இல்ல.

ஹஸ்தம்பட்டி ஹரி

சரிக்கா. வருத்தம்னு சொல்ல மாட்டேன், அடிச் சத்தம் இல்லைங்கறத நீங்க சொன்னப்பறந்தான் கவனிச்சேன், இப்ப அது மட்டுந்தான் காதுல விழுது. டிஸ்காகிராஃபின்னு சொன்னீங்களே, அது யாரு போட்டது? கம்பெனியா?

ஊசிமுனை

கம்பெனிக்காரனுக்கு அதெல்லாம் எங்க அக்கறை. ஷார்ல் டெலோனேன்னு ஒருத்தரு, ராபர்ட் டெலோனே, சோனியா டெலோனேன்னு ரெண்டு பெரிய ஓவியருங்களோட புள்ள. எந்தத் தட்டுல யாரு யாரு வாசிச்சாங்க, என்னிக்குன்னு ஜாஸ் ரெக்கார்டுகளுக்கு லிஸ்ட் போட்டு 1936-லயே புத்தகமா கொண்டாந்தவரு. கிண்ட்டெட் உருவாகறதுக்கும் அவரு ஒரு காரணம். 1937-ல அவரும் ஹ்யூக் பனாஸ்யேயும் சேந்து ஸ்விங்னு ஜாஸுக்குன்னே ஒரு லேபிள் ஆரம்பிச்சாங்க. ஓடியன் வேண்டாம்னு தள்ளின டெஸ்ட்டு தட்டு கூட நமக்குக் கெடைக்குதுன்னா இந்த மாதிரி ஆளுங்க பத்திரப்படுத்தினதுனாலதான்.

வாசிச்சவங்க உசுரோட இருக்கறப்பவே போயி உக்காந்து கேட்டு எழுதினாங்க பாருங்க, அதுதான் வித்தியாசம். அமெரிக்காலயும் பேரு மாத்தற கூத்து உண்டு. எடி லாங்னு வெள்ளைக்கார கிடாரிஸ்ட்டு, லானி ஜான்சன்ங்கற கறுப்பு கிடாரிஸ்ட்டோட ஜோடியா வாசிச்சப்ப லேபிள்ல 'பிளைண்ட் வில்லி டன்'னு போட்டுக்கிட்டாரு. வெள்ளையும் கறுப்பும் சேந்து வாசிச்சதுன்னு தெரிஞ்சா வியாபாரம் கெடும்னு. லிஸ்ட் போட்டவங்க இல்லாட்டி இன்னிக்கு அந்த வில்லி டன்ன ஒரு தனி ஆளாவே நெனைச்சுக்கிட்டுருப்போம்.

மேட்டூர் கம்பி

ஹரி, தட்டு கெடைக்கலன்னா என்ன, 1928 முழுசும் கேக்க வழி இருக்கு. டேனியல் நெவெர்ஸ்ங்கறவரு தொகுத்து பிரான்ஸ்ல இருபது வால்யூமா ஜாங்கோவோட மொத்த ரெக்கார்டும் வந்துருக்கு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சி.டி. மொத வால்யூமே அக்கார்டியன்லேந்துதான் ஆரம்பிக்குது. பிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிக்கா தளத்துலயும் அந்தக் காலத்துத் தட்டு நெறைய ஏத்திருக்காங்க, அதுல ம்யூஸெத் அக்கார்டியன் தேடிப் போனா நேரம் போறதே தெரியாது.

ஒரு யோசனை சொல்லவா? மொதல்ல வேகத்தக் கொறைச்சு பாஞ்சோவ மட்டும் கேளுங்க, கைல கிடார் வேண்டாம். ரெண்டாவது தடவ பிக்க மட்டும் எடுத்துக்கிட்டு எடது கையால எல்லாத் தந்தியயும் அமுக்கிட்டு வெறும் தாளம் அடிச்சுப் பாருங்க. அதுல வர்ற வால்ட்ஸ்ல (மூணு தட்டு டான்ஸ் மெட்டு) மூணாவது தட்டுக்கும் மொதத் தட்டுக்கும் நடுவுல அவரு என்ன பண்றாருன்னு கை வலிக்கும்போதுதான் புரியும். நோட்டு அப்பறம் எடுக்கலாம்.

குகை செல்வம்

காப்பிரைட்டு கேஸு வராதே? எங்க பையன் இதெல்லாம் எடுத்து வீடியோல போட்டு ஸ்ட்ரைக் வாங்கினான்.

அம்மாபேட்டை அனு

நம்ம ஊர் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துக்கு அடுத்ததுலேந்து 60 வருஷம். 1934 ரெக்கார்டு எப்பவோ வெளில வந்தாச்சு. பாட்டு எழுதினவரு உரிமை, அவரு போய் 60 வருஷம். ஜாங்கோ 1953 மே 16-ல போயிட்டாரு, அதனால அவரு சொந்தமா போட்ட மெட்டுக்கும் 2013-ஓட முடிஞ்சுது. ஆனா மத்தவங்க எழுதின பாட்ட வாசிச்சுருந்தா அது வேற கணக்கு, மத்த நாட்டு சட்டமும் வேற. அந்த வீடியோ தளத்து மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது, சத்தம் ஒத்துப்போச்சுன்னா கொடி காட்டிரும், அதுக்குப் பதில் எழுதிப் போடணும்.

தியேட்டர் வாசல்

இதக் கேட்டதும் எனக்கு ஒரு விஷயம் பொறுக்கல. ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவத் தாண்டி டெய்லி போறேன். டி.ஆர்.சுந்தரம் 1935-ல ஆரம்பிச்சு அத்தன படம் எடுத்த எடம். ஜி.ராமநாதன் மாதிரி ஆளுங்க அந்தக் கம்பெனிக்கு மியூசிக் போட்டுருக்காங்க. அந்தப் படங்களோட 78 தட்டு எங்கிட்டயே இருக்கு, சில பாட்டுல கிடார் தெளிவாக் கேக்குது, ஒரு பாட்டுல ஹவாயன் கிடார் வழுக்கிக்கிட்டு வருது. லேபிள்ல பாடினவங்க பேரு இருக்கு, படம் பேரு இருக்கு. வாசிச்சவரு யாரு? அங்க 'ஜியாங்கோ ரெனார்'னு தப்பாவாவது போட்டான். இங்க அது கூட இல்ல. எம்.எஸ்.வி. காலத்துக்கு வந்தா கிடார் பிலிப்ஸ்னு ஒரு பேராவது நமக்குத் தெரியுது. அதுக்கு முன்னாடி?

ஊசிமுனை

நியாயம். அதத்தான் தேடணும். பிரான்ஸ்காரன் தட்ட பிரான்ஸ்காரன் பாத்துக்கிட்டான், நம்ம தட்டுக்கு நாமதான் ஆளு.

குகை செல்வம்

சார், நான் கிண்டல் பண்றவன்தான், ஆனா இதுக்கு வரேன். எங்க பெரியப்பா அந்தக் காலத்துல நாடகக் கொட்டாய்ல ஆர்மோனியம். பேச்சுக்குள்ள பேச்சா பேரெல்லாம் சொல்லுவாரு, யாரு பிடில், யாரு கிளாரினெட்டுன்னு. கிடார் பத்தி நான் கேட்டதில்ல. வர்ற ஞாயித்துக்கெழம போயி உக்காந்து கேட்டுட்டு, சொல்றத அப்படியே ரெக்கார்டு பண்ணிட்டு வரேன். காது கொஞ்சம் மந்தம், கத்தித்தான் கேக்கணும்.

அம்மாபேட்டை அனு

செல்வம் அண்ணா, போகும்போது அந்தப் பாட்டுகளயும் ஃபோன்ல ஏத்திட்டுப் போங்க. வெறுமன யாரு வாசிச்சாங்கன்னு கேட்டா ஞாபகம் வராது, பாட்டப் போட்டுட்டு இந்த எடத்துல வருதே இது யாருன்னு கேட்டா சட்டுன்னு சொல்லுவாங்க. அவரு சொல்றத ஒடனே உண்மைன்னு எழுதிடாம, யாரு சொன்னது, எப்பன்னு கூடவே குறிச்சு வைங்க. தியேட்டர் வாசல், நீங்க உங்க தட்டுல லேபிள மட்டும் போட்டோ எடுக்காம காலி எடத்துல இருக்கற மேட்ரிக்ஸ் நம்பரயும் எழுதுங்க. ஒரே நாள்ல பதிவான பாட்டோட நம்பர் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். எந்தப் பாட்டெல்லாம் ஒரே நாளுன்னு தெரிஞ்சா அன்னிக்கு ஸ்டூடியோல இருந்தது ஒரே குழுவான்னு பாக்கலாம், ஒரு பாட்டுல கிடார்காரர் பேரு கெடைச்சா மத்ததுக்கும் அவருதானான்னு காத வெச்சு ஒப்பிடலாம்.

தியேட்டர் வாசல்

எழுதறேன் மேடம். எச்.எம்.வி. 'N' வரிசை கொஞ்சம், கொலம்பியா 'GE' வரிசை கொஞ்சம், ஓடியன் எங்க பாட்டியோடது. தனி இழை ஆரம்பிச்சு அதுல போடவா?

ஊசிமுனை

தனியாவே போடுங்க. தலைப்புல மாடர்ன் தியேட்டர்ஸ்னு இருக்கட்டும், அப்பத்தான் தேடறவனுக்குக் கெடைக்கும். ஹரி, கம்பிகிட்டக் கேட்டு அந்த வால்ட்ஸ எடுத்துட்டீங்கன்னா இங்கயே ஆடியோ போடுங்க, வலது கை எப்படிப் போகுதுன்னு கேப்போம்.

ஹஸ்தம்பட்டி ஹரி

சரிங்க சார். முகூர்த்த சீசன் முடியட்டும், இப்ப தெனம் ஒரு மண்டபம், கை அங்கயே தேஞ்சுருது.